நடு ஞாயிற்றுக்கு யாரைக் கூப்பிடுவது

மணிக் கண்ணு,

உன் கடிதம் நேற்று மத்தியானத் தபாலில் வந்தது. உள்ளே இருந்த போட்டோவைத்தான் முதலில் எடுத்தேன். உன் மகள் கையை முறுக்கிக்கொண்டு யாரையோ சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி படுத்திருக்கிறாள். தெருவில் ஒரு வீடு விடாமல் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தேன். "மூக்கு அப்படியே உங்க மூக்குங்க அக்கா" என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். அது உன் மாமியார் மூக்கு. ஆனாலும் நான் மறுக்கவில்லை. இதெல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து கடிதத்தைப் படித்தேன், சிரித்தேன். அப்புறம் உன் அக்கா சரசு வாங்கிப் படித்தாள். அவள் சிரிக்கவில்லை.

எப்படிச் சிரிப்பாள்? நீ எழுதியிருப்பது அவள் மகன் செல்வராசுவைப் பற்றி. பொங்கல் கழிந்ததும் உன் காலேஜ் புட்பால் டீம் மற்றக் காலேஜ்களோடு மோத வேண்டும். அந்த ஆட்டங்கள் யாரோடு, எந்தத் தேதியில் என்பதை யுனிவர்சிட்டிக்காரர்களே முடிவு செய்து அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உன் கையில் இருக்கின்றன. அந்த மூன்றுக்கும் எந்த டீமைக் கூப்பிடுவது என்பது உன் இஷ்டம். முதல் ஞாயிற்றுக்கு ஹாஸ்டல் பையன்கள் என்று வைத்துவிட்டாய். இரண்டாவதற்குக் கடைவீதி கிளப். மூன்றாவதில் எங்களோடு ஆடுங்கள் என்று செல்வராசு, தான் கேப்டனாக இருக்கிற பனியன் கம்பெனி டீமுக்காக உனக்கு எழுதிக் கேட்டிருக்கிறான். நீயோ கணியூர் ஹைஸ்கூலைக் கூப்பிடப் போகிறாயாம். "செல்வராசுவிடம் முடியாது என்று நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் அம்மா" என்று கடைசி வரியில் என் தலையில் கட்டியிருக்கிறாய்.

சொல்ல மாட்டேன், கண்ணு. உன் மருமகனிடம் நீதான் சொல்ல வேண்டும் என்பதற்காக மட்டும் இல்லை. நீ செய்யப்போவது தப்பு. புட்பாலைப் பற்றி உனக்குச் சொல்ல நான் யார் என்று தோன்றலாம். நீ அதையே படித்துப் பட்டம் வாங்கியவன், காலேஜ் பையன்களெல்லாம் உன் விசிலுக்கு ஓடுகிறார்கள், அதில் எனக்கு இருக்கிற பெருமை இந்தத் தெருவுக்கே தெரியும். ஆனால் எந்த டீமைக் கூப்பிடுவது என்கிற கேள்விக்கு இந்த வீட்டில் நானும் உங்கப்பாவும் ஒரு காலத்தில் பட்ட பாடு உனக்குத் தெரியாது. நீ அப்போது எங்கப்பா வீட்டில், உன் அப்புச்சியிடம் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். அதனால் விவரமாகவே எழுதுகிறேன். உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். "அதையெல்லாம் எதுக்கு அம்மிணி இப்ப எழுதறே?" என்கிறார். எழுதத்தான் போகிறேன்.

உங்கப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் நம் தெரு ஆட்களுக்கு ஒரு டீம் இருந்தது. நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர்கள், தைக்கிறவர்கள், சாயத்தில் நிற்கிறவர்கள் எல்லாம் சேர்ந்த டீம். உங்கப்பாதான் கேப்டன். கம்பெனியில் தள்ளிவிட்ட பனியன்களை எடுத்துவந்து பட்டறையிலேயே சிவப்புச் சாயம் போட்டுக்கொண்டார்கள். சாயம் நன்றாகப் பிடிக்கவில்லை. வேர்க்க வேர்க்க ஆட்கள் உடம்பெல்லாம் சிவந்துபோகும். ஆட்டம் முடிந்து வந்தால் அடிபட்டிருக்கிறதா, சாயமா என்று தண்ணீர் ஊற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆடுகிற இடம், வெளுத்த துணியைக் காயப்போடுகிற களம்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் துணி இருக்காது.

அந்தக் காலத்தில் இங்கே ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர் டீமை அழைத்தால் சாப்பாடு போட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஹோட்டலில் இல்லை. வீட்டுக்கு ஒருவராகப் பிரித்துவிடுவார்கள். நம் டீமில் ஆடுகிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் அந்த டீமிலிருந்து ஒருவர் ஒரம்பரையாக விருந்துக்கு வருவார். உங்கப்பா ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டார் என்றால், எனக்கு அது ஒரம்பரை கூப்பிட்டதுதான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து தெருவில் பெண்கள் யாருக்கும் கை ஓயாது. சந்தவை பிழிகிறவள், ஒப்புட்டுத் தட்டுகிறவள், கோழிக் குழம்புக்குத் தேங்காய் அரைக்கிறவள் என்று கல்யாண வீடு மாதிரி இருக்கும். முதல் தடவை ஒருத்தி மட்டும், வருகிறவன் யாரோ என்ன ஆளோ, எப்படி வீட்டுக்குள் உட்கார வைத்துப் போடுவது என்று இழுத்தாள். பக்கத்து வீட்டு ருக்குமணி அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், வாய் சும்மா இருக்காது. "ஏனாத்தா, உதைக்கறவன் யாரு எவன்னு அந்தப் பந்து கேக்குதா? நீ மட்டும் எதுக்குக் கேக்கறே? உனக்கு முடியலைன்னா எங்கூட்டுக்கு ரெண்டு பேரை அனுப்பு" என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

முதல் வருஷம் உங்கப்பா யாரையெல்லாம் கூப்பிட்டார் தெரியுமா? குன்னத்தூரிலிருந்து ஒரு டீம். அவர்கள் தோட்டத்து வேலை முடிந்து சாயங்காலம் பொழுதுபோக்குக்கு உதைக்கிறவர்கள். அப்புறம் குண்டடத்திலிருந்து ஒரு டீம், அதில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் ஆட்டமே சொல்லிக்கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். எல்லாரையும் நம்மவர்கள் ஜெயித்தார்கள். கோல் போடுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். தோற்றவர்கள் வந்து உட்கார்ந்து அடக்கமாகச் சாப்பிடுவார்கள். "உங்கூட்டுக்காரர் ஓடறாருங்க பாருங்க, குதிரைதானுங்க!" என்று என்னிடம் சொல்லுவார்கள். உங்கப்பா காதில் விழாத மாதிரி மோரைக் கலக்கிக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. (இந்த இடத்தில் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை" என்கிறார். இருந்தது.)

அப்புறம் பல்லடத்தில் டோர்னமெண்ட். சிவப்புப் பனியனைத் துவைத்துப் போட்டுக்கொண்டு, தெருவே பஸ் ஏறிப் போனோம். முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்துவிட்டார்கள். எதிர் டீம் அப்படியொன்றும் பெரிய டீம் இல்லை. ஆனால் அவர்கள் ஒரு கோல் போட்டதும் நம் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். பின்னால் தள்ளப்பட்டால் என்ன செய்வது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அதுவரை யாரும் அவர்களைத் தள்ளியதே இல்லையே! திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆண்கள் எல்லாம் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார்கள். ருக்குமணி அக்கா மட்டும் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு, "இத்தனை சந்தவை பிழிஞ்சதுக்கு அந்தக் குண்டடத்துக்காரங்களைக் கூட்டிட்டுப் போயிருந்தா அவிங்களாவது ஜெயிச்சிருப்பாங்க" என்றாள். அவள் புருஷன் அன்றைக்கு கோல்கீப்பர்.

அடுத்த வருஷம் மறுபடியும் குன்னத்தூருக்கு ஆள் அனுப்பப் போகிறேன் என்று உங்கப்பா ஆரம்பித்தபோது, நாங்கள் பெண்கள் எல்லாம் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். நான்தான் சொன்னேன். "ஏனுங்க, ஆடறது நீங்க, சோறு போடறது நாங்க. யாருக்குப் போடறதுன்னு இந்தத் தடவை நாங்க சொல்றோமுங்க. உங்களை நல்லா உதைக்கற ஆளா ஒரு டீமைக் கூட்டிட்டு வாங்க. இல்லீன்னா அடுப்புப் பத்த வெக்கறதில்லை." உங்கப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். ராத்திரி சாப்பிடும்போது, "மலை மேல எஸ்டேட்ல ஒரு டீமு இருக்குது. அவங்க வந்தா நம்மளை மென்னு துப்பிப்போடுவாங்க" என்றார். "வரச் சொல்லுங்க" என்றேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கப்பா சொன்னதுதான் சரி, அதையும் எழுதிவிடுகிறேன். டோர்னமெண்டுக்கு முந்தின ஞாயிற்றில் எஸ்டேட்காரர்களை வைத்துவிடலாம், சூடு ஆறாமல் பல்லடம் போகலாம் என்று நாங்கள் சொன்னோம். அவர் கூடாது என்றார். "அடி வாங்கினா எங்க வலிக்குதுன்னு பாக்க நேரம் வேணும். கடைசி ஞாயித்துல அடி வாங்கினா வலியோடதான் போகோணும். அவங்களை நடுவுல வைப்போம். முதல்ல குன்னத்தூரே வரட்டும், புதுப் பசங்களுக்குக் கால் பழகட்டும். கடைசில நமக்குச் சரிக்குச் சரியா ஒரு டீமு." கல் சூடேறும் முன்னால் தோசை ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும், அது எனக்கே தெரியும், ஆனால் ஆட்டத்துக்கும் அப்படித்தான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

எஸ்டேட்காரர்கள் வந்தார்கள். மென்று துப்பினார்கள். அதை நான் விவரிக்க வேண்டாம், உங்கப்பா இப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டுவிட்டார். நம் டீம் ஒரு கோல்கூடப் போடவில்லை. அவர்கள் போட்ட கோல்களில் பாதிக்கு மேல் போட்டவன் யாரோ, அவனே நம் வீட்டுக்கு ஒரம்பரையாக வந்து சேர்ந்தான். நெட்டையாக, கறுப்பாக, கூச்ச சுபாவமாக ஒரு ஆள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவன். உங்கப்பா அவனுக்கு எதிரே இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உடம்பெல்லாம் சிவப்புச் சாயம். நான் சந்தவையில் தேங்காய்ப்பாலை ஊற்ற ஊற்ற அவன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு தலையைத் தூக்காமல் சொன்னான்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. ஒரு விசயம் சொல்லட்டா?"

"சொல்லுங்க" என்றார் உங்கப்பா, கல்லைக் கடித்த மாதிரி.

"பின்னால நிக்குத ஒங்க ஆளுவ ரெண்டு பேரும் பந்தைப் பாத்துத்தான் ஓடுதாவ. எங்களைப் பாக்கவே மாட்டுக்காவ. நான் ஒண்ணும் பெருசா ஆடலை அண்ணாச்சி. ஆள் இல்லாத எடமாப் பாத்து சும்மா நின்னேன். பந்து எங்கிட்ட வந்துட்டு."

உங்கப்பா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். கோபம் வந்துவிட்டதோ என்று நான் பயந்துபோய், "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்று இருவருக்கும் நடுவில் பாத்திரத்தை நீட்டினேன். அவர் என்னை விலக்கிவிட்டு, "எங்க நின்னீங்க? இதுதான் எங்க கோல்னு வெச்சுக்குங்க" என்று தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தார். அவன் ஒப்புட்டைப் பிய்த்து ஆட்களாக வைத்தான். என் கண் முன்னாலேயே இலையில் ஆட்டம் மறுபடியும் நடந்தது. நம் ஆட்களை அவன் இடம் மாற்றி மாற்றி வைத்தான், உங்கப்பா "அப்ப அந்தப் பக்கம் யாரு பாக்கறது?" என்று எதிர்த்துக் கேட்டார், அவன் யோசித்துப் பதில் சொன்னான். கடைசியில் மறந்துபோய் நம் டீம் முழுவதையும் அவனே சாப்பிட்டுவிட்டான். உங்கப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டிலிருந்து ருக்குமணி அக்கா ஓடிவந்துவிட்டாள். "தோத்துட்டு இப்படியொரு சிரிப்பா! உங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சுங்கண்ணா" என்றாள். அப்புறம் பார்த்தால் அவர்கள் வீட்டிலும் அதே கதைதான். தெரு முழுக்க, வீட்டுக்கு வீடு, ஜெயித்தவன் உட்கார்ந்து தோற்றவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

இதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது, மணி. முதல் வருஷம் வந்தவர்கள் நம் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் குதிரை என்று புகழ்ந்தார்கள். அதனால் யாருக்கு என்ன லாபம்? ஜெயித்தவனுக்குப் புகழ வேண்டிய அவசியம் இல்லை, அவனால் உண்மையைச் சொல்ல முடியும். அந்த உண்மையை வைத்துக்கொண்டு சரிசெய்ய ஒரு வாரமாவது கையில் இருக்க வேண்டும். அந்த வருஷம் பல்லடத்தில் நம் டீம் கடைசி ஆட்டம் வரைக்கும் போயிற்று. எதிரே யார் என்று நினைக்கிறாய்? எஸ்டேட்காரர்களேதான். ஒரே ஒரு கோலில் தோற்றோம். தோற்றவுடன் அந்த நெட்டை ஆள் களத்தைத் தாண்டி நேராக என்னிடம் வந்து, "யக்கா, இப்பம் ஒங்க ஆளுவ எங்களைப் பாக்குதாவ. பெரும் பாடாப் போச்சு" என்றான். அந்தச் சொல்லைவிடப் பெரிய கப்பை உங்கப்பா வாங்கியதில்லை.

இப்போது உன் காரணங்களுக்கு வருகிறேன். ஜெயித்தால் பனியன் கம்பெனிப் பையன்களைத்தானே ஜெயித்தீர்கள் என்பார்கள், தோற்றால் அவர்களிடமா தோற்றீர்கள் என்பார்கள், எப்படிப் பார்த்தாலும் காலேஜுக்கு மரியாதை இல்லை என்று உன் பிரின்சிபால் சொன்னதாக எழுதியிருக்கிறாய். போன வருஷம் முதல் சுற்றிலேயே வெளியே வந்ததால் இந்த வருஷம் பொங்கலுக்குள் வரிசையாக வெற்றி வேண்டும் என்கிறாராம். அவர் படித்தவர், அவர் கவலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணியூர் ஹைஸ்கூலில் மீசை முளைக்காத பிள்ளைகளை ஜெயித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் யுனிவர்சிட்டி ஆட்டத்தில் எதிர் டீம் அதைப் படித்துவிட்டுப் பயந்து ஓடிவிடுமா? போன வருஷமும் நீ இப்படித்தான் லேசான டீமாகக் கூப்பிட்டாய் என்று நீயே தீபாவளிக்கு வந்தபோது சொன்னாயே.

செல்வராசு பக்கத்தையும் யோசித்துப் பார். அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால்தான் பள்ளிக்கூடத்தோடு நின்று கட்டிங் செக்‌ஷனுக்குப் போனான், அது உனக்குத் தெரிந்ததே. அவன் டீம் போன வருஷம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வந்தவர்களையெல்லாம் ஜெயித்தது. அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? இந்த வருஷம் அவர்களோடு ஆட ஒருவரும் வருவதில்லை. யாரைக் கேட்டாலும் அந்த ஞாயிற்றில் வேறு வேலை இருக்கிறதாம். பாவம், சிப்ட் முடிந்து வந்து களத்தில் இரண்டாகப் பிரிந்து அவர்களுக்குள்ளேயே ஆடிக்கொள்கிறார்கள். நேற்றுச் சாயங்காலமும் வந்து நின்றான், தலையெல்லாம் பஞ்சு. "அம்மாயி, மாமங்கிட்டருந்து கடுதாசி வந்துதுங்களா?"

"வந்துது கண்ணு. பாப்பா போட்டோ வந்துருக்குது பாரு."

போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தான். "எங்களைப் பத்தி ஒண்ணும் எழுதலீங்களா?"

"உங்க மாமன் யோசனை பண்ணிட்டு இருக்கறான்" என்றேன். சரசு அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள். "யோசிக்கட்டுங்க" என்று இவன் சிரித்தான். "மாமனுக்குப் பயமா இருந்தா, நான் வேணும்னா ஒரு கையைக் கட்டிக்கிட்டு கோல்ல நிக்கறனுங்க." பேச்சு அப்படி இருந்தாலும், போகும்போது செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போனான், கண்ணு. அவனுக்கு அது வேடிக்கை இல்லை.

ஆகையால் நீ இப்படிச் செய். ஹாஸ்டல் பையன்கள் முதல் ஞாயிற்றிலேயே இருக்கட்டும், உன் டீமுக்குப் புதிதாக வந்தவர்களை அன்றைக்கு இறக்கிவிடு. கடைவீதி கிளப்பைக் கடைசி ஞாயிற்றுக்குத் தள்ளு, அவர்கள் உனக்குச் சரிக்குச் சரியாக ஆடுவார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். நடு ஞாயிறு செல்வராசு டீமுக்கு. அதையும் உன் மைதானத்தில் வைக்காதே, இங்கே எங்கள் களத்துக்குக் கூட்டிக்கொண்டு வா. புல்லில் ஆடிப் பழகிய கால்கள் கொஞ்சம் கல்லிலும் ஆடட்டும், வேறு காலேஜ்களுக்குப் போனால் யார் உனக்குப் புல் விரித்து வைத்திருக்கப் போகிறார்கள்? சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. நம் தெருவில் இன்னும் அடுப்பு எரிகிறது. உன் பையன்கள் ஆளுக்கு ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடட்டும், காதைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடச் சொல். நீங்களே ஜெயித்துவிட்டால் அவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுங்கள். மருமகன் என்று இரக்கப்பட்டு ஆட்டத்தை மட்டும் தளர்த்திவிடாதே, அவன் கண்டுபிடித்துவிடுவான்.

பிரின்சிபாலிடம் நீ மறைக்க வேண்டாம். தோற்கிற மாதிரி ஒரு ஆட்டம் வைத்திருக்கிறேன், ஜெயிப்பதற்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று நேராகவே சொல். கோபித்துக்கொண்டால் அவரையும் அன்றைக்கு அழைத்துவா. எந்த வீட்டுக்கு அவரை அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். ருக்குமணி அக்காவுக்கு வயசானாலும் வாய்க்கு ஆகவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைத்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு தடவை வந்து ஆடிவிட்டுப் போனால் அது பிச்சை போட்ட மாதிரி. இந்த வருஷம் நாங்கள் வருகிறோம், அடுத்த வருஷம் நீங்கள் எங்கள் காலேஜுக்கு வர வேண்டும் என்று சேர்த்து எழுது. அந்தப் பெரிய கேட் வழியாக செல்வராசு உள்ளே வர வேண்டும், மணி. படிக்க வர முடியாமல் போன இடத்துக்கு உன் டீமை எதிர்த்து ஆட வரட்டும். உன் பையன்கள் வரிசையாக நின்று அவனுக்குக் கை கொடுக்கட்டும். அன்றைக்கு நானும் வருவேன், உன் மகளை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பேன்.

எனக்குப் பதில் எழுதவேண்டியதில்லை. அக்காவுக்கும் வேண்டாம். கவரின் மேல் 'கேப்டன், பனியன் கம்பெனி புட்பால் டீம்' என்று போட்டு, வீட்டு விலாசம் எழுதாமல் கம்பெனிக்கே அனுப்பு. மத்தியான சிப்ட் விடுகிற நேரத்தில்தான் தபால்காரர் அங்கே வருவார். கேப்டன் யாருங்க, காலேஜிலிருந்து கடிதம் வந்திருக்குது என்று கம்பெனி வாசலில் நின்று அவர் சத்தமாகக் கூப்பிடட்டும்.

அம்மா